கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

வங்கிக் கிளையில் சில ஆண்டுகள் பணியாற்றியவர் எவருக்கும் ஒரு வாக்கியம் நன்கு பழகியிருக்கும். "கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன், இந்தப் படிவத்தைக் கொஞ்சம் நிரப்பித் தருகிறீர்களா?" என்பதே அது. அவ்வாறு கேட்பவர்களுள் சிலர் உண்மையிலேயே கண்ணாடியை மறந்தவர்கள். வேறு சிலரோ படிவத்தில் எதை எங்கே எழுதுவது என்று அறியாதவர்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கண்ணாடியின் மீது பழியைப் போடுகிறவர்கள். நாங்களும் வேறெதுவும் கேளாமல், பேனாவை எடுத்து நிரப்பித் தந்துவிடுவோம்.

படிவங்களோடு நின்றவரையில் அந்தக் கூச்சத்தால் பெரும் நட்டம் நேர்ந்ததில்லை. இன்று நிலைமை வேறு. பணம் எடுக்கும் இயந்திரமும் கைபேசிச் செயலியும் வந்துவிட்ட பிறகு, தெரியாததைக் கேட்கத் தயங்குகிறவர் தம் அட்டையையும் இரகசிய எண்ணையுமே அறிமுகமற்றவரிடம் நீட்டிவிடுகிறார். அவ்வாறு நீட்டிப் பணத்தை இழந்து, பின்னர் தம் 52-ஆம் வயதில் கணினி வகுப்பில் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தை, அவருடைய இசைவுடன் பெயரைத் தவிர்த்து இங்கே எழுதுகிறோம்.

இருபதாயிரம் ரூபாய்

சில ஆண்டுகளுக்கு முன் மும்பையில், தாராவிக்கு அருகிலுள்ள கிளை ஒன்றில் நாங்கள் பணியாற்றினோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தாராவியில் மிகுதி. விடியலுக்கு முன்பே அங்கே இட்லிப் பாத்திரங்கள் அடுப்பேறிவிடும். வெந்த இட்லியைத் தலையிலும் மிதிவண்டியிலும் சுமந்து, ரப்பர் ஊதுகுழலை அழுத்தியபடி விற்பனையாளர்கள் நகரின் தெருக்களுக்குச் செல்வார்கள். நாம் குறிப்பிடும் அம்மையாரும் அவ்வாறு இட்லி அவித்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர்.

கணவர் இருந்தவரை வங்கி வேலை முழுவதும் அவருடையது. அவர் மறைந்தபின் அண்டை வீட்டுப் பையன் அட்டையை வாங்கிச் சென்று பணம் எடுத்துத் தந்தான். நல்ல பையன், ஒரு ரூபாய் குறைந்ததில்லை. அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துச் சென்றதும் அம்மையார் தனியே இயந்திரத்தின் முன் நின்றார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் "நான் உதவுகிறேன்" என்று முன்வந்தார். அட்டையும் அவர் கைக்குப் போயிற்று. தாளில் எழுதியிருந்த இரகசிய எண்ணும் அவர் கண்ணுக்குப் போயிற்று. கேட்ட பணம் வந்தது. ஆனால் திரும்பிவந்த அட்டை வேறொருவருடையது. இரண்டு நாட்கள் கழித்துப் பாஸ்புத்தகத்தைப் பதிவிட வந்தபோதுதான் கணக்கில் 20,000 ரூபாய் குறைந்திருப்பது தெரிந்தது.

அட்டையை உடனே முடக்கினோம். காவல் நிலையத்தில் புகார் அளிக்கவும் துணை நின்றோம். ஆயினும் பணத்தைத் திரும்பத் தர வங்கியால் இயலவில்லை. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடைபெறும் மின்னணுப் பரிமாற்றங்கள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. இரகசிய எண்ணைப் பிறரிடம் பகிர்ந்ததால் இழப்பு நேருமாயின், வங்கியிடம் தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் வாடிக்கையாளரையே சேரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்புக்கே வங்கி பொறுப்பேற்கும்.

"வாயிற்காவலரிடமோ எங்களிடமோ ஏனம்மா கேட்கவில்லை?" என்று வினவினோம்.

"எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள், சார். எல்லோரும் என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. கை நடுங்கியது. யாராவது வாங்கி முடித்துக் கொடுத்தால் போதும் என்று ஆகிவிட்டது" என்றார்.

இயந்திரத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை என்பதை அன்று உணர்ந்தோம். இயந்திரத்தின் முன் தாம் தடுமாறுவதைப் பிறர் காண்பதற்கே அஞ்சினார்.

கூச்சமும் பதற்றமும்

புதியவர் முன் பேசக் கூசுவது மனித இயல்பு. சற்று நேரம் பழகியதும் அது விலகிவிடும். ஆயின் சிலருக்கு அது விலகுவதில்லை. பிறர் தம்மை உற்று நோக்குகிறார்கள், குறைகூறப் போகிறார்கள் என்ற எண்ணம் நெஞ்சைப் படபடக்கச் செய்கிறது; கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நா உலர்கிறது. அத்தகைய இடங்களுக்குச் செல்வதையே அவர்கள் தவிர்க்கத் தொடங்குகிறார்கள். கல்வி, தொழில், அன்றாட அலுவல் ஆகியவற்றுக்கே அது தடையாகி நீடிக்குமானால், மருத்துவர்கள் அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இதற்குத் தனி இடம் தரப்பட்டது. மன உறுதிக் குறைவென்றோ படிப்பறிவுக் குறைவென்றோ இதனைக் கொள்ளுதல் தவறு. பட்டம் பெற்றவர்களிடமும் இது உண்டு.

வங்கி அலுவலர்களாகிய நாங்களும் இதற்கு விலக்கல்லர். 1984-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணினிமயமாக்கலுக்கு வழிகாட்டிய பின்னரும், பல கிளைகளில் பேரேடுகள் நெடுங்காலம் நீடித்தன. எங்கள் தலைமுறையினர் வணிகவியல் பட்டத்துடன், பற்றும் வரவும் நன்கறிந்து பணியில் சேர்ந்தோம். கிளைகள் அனைத்தையும் ஒரே கணினி வலையில் இணைக்கும் கோர் பேங்கிங் முறை வந்தபோது எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் முதலில் நிரம்பியது கடைசி வரிசை. "புரிந்ததா?" என்று பயிற்றுநர் கேட்கும்போதெல்லாம் தலையசைத்தோம். கிளைக்குத் திரும்பிய முதல் நாள், முகப்பில் வாடிக்கையாளர் காத்து நிற்க, எந்தத் திரையில் எதை உள்ளிடுவது என்று அறியாமல் திகைத்தோம். வகுப்பில் கேட்க வெட்கப்பட்ட ஒரு கேள்வியை முப்பது பேர் முன்னிலையில் கேட்க வேண்டியதாயிற்று. ஆகவே அம்மையாரின் நடுக்கத்தைக் கண்டு வியக்க எங்களுக்கு ஒன்றுமில்லை.

வகுப்பின் முதல் நாள்

இழப்பு நேர்ந்த சில வாரங்களில் இன்னொரு நெருக்கடி வந்தது. இட்லி வாங்கிச் செல்லும் விற்பனையாளர்கள் கைபேசி வழியாகப் பணம் தரத் தொடங்கினார்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று சொல்லிச் சொல்லி இரண்டு விற்பனையாளர்களை அம்மையார் இழந்தார். வேறு வழியின்றி, வீட்டருகே இருந்த கணினி மையம் ஒன்றில் அடிப்படைப் பயிற்சிக்குப் பணம் கட்டினார். மகாராட்டிரத்தில் இத்தகைய மையங்களுக்குக் குறைவில்லை. 2001-இல் அம்மாநிலத்தில் எம்.எஸ்.சி.ஐ.டி. என்னும் கணினிச் சான்றிதழ்ப் படிப்பு அறிமுகமான பின் தெருவுக்குத் தெரு வகுப்புகள் பெருகின.

முதல் நாள் ஆசிரியர் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று பெயர், தொழில், சேர்ந்த காரணம் ஆகியவற்றைக் கூறச் சொன்னார். வகுப்பில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். தம் முறை வருவதற்கு நான்கு பேர் இருக்கும்போதே அம்மையாருக்கு வியர்த்துக் கொட்டியது. இரண்டு பேர் இருக்கும்போது பையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். அடுத்த மூன்று நாட்கள் அந்தத் தெரு வழியே செல்வதையும் தவிர்த்தார்.

எங்கள் கிளையில் பணியாற்றிய மூத்த பெண் எழுத்தர் ஒருவர், அருகிலிருந்த மாநகராட்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றார். "எனக்கென்ன பைத்தியமா, அக்கா?" என்று அம்மையார் மறுத்ததும், "முதுகு வலிக்கு எலும்பு மருத்துவரைப் பார்ப்பதுபோல் இது படபடப்புக்கு. நானும் வருகிறேன்" என்று எழுத்தர் கூறியதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. அங்கிருந்த ஆலோசகர் அவரை அமர வைத்து ஒரு படிக்கட்டை எழுதித் தந்தார்.

ஏழு படிகள்

அச்சம் தரும் செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, எளியதிலிருந்து கடினமானதை நோக்கி ஒவ்வொன்றாகச் செய்து பழகுவது உளவியலில் நன்கு நிலைபெற்ற சிகிச்சை முறை. ஒரு படியில் படபடப்பு ஓரளவு தணியும் வரை அங்கேயே நிற்க வேண்டும். தணிந்தபின் அடுத்த படிக்கு ஏற வேண்டும். அம்மையாரின் படிகள் இவை:

1. வகுப்பில்லாத நேரத்தில் மையத்தின் வாயில் வரை சென்று திரும்புதல்.
2. வகுப்பு தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகச் சென்று, ஆசிரியரைத் தனியே கண்டு, தம் நிலையைச் சொல்லுதல்.
3. வகுப்பில் முழு நேரம் அமர்ந்திருத்தல். பேச வேண்டிய கட்டாயமில்லை.
4. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒரு ஐயம் கேட்டல்.
5. கடைசி வரிசையை விட்டு இரண்டாம் வரிசைக்கு வருதல்.
6. பிறர் கேட்கும்படி ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டல்.
7. எல்லோரும் பார்த்திருக்க ஒரு பயிற்சியைச் செய்து, தவறினால் அங்கேயே திருத்துதல்.

இரண்டாம் படிதான் மிகக் கடினமாக இருந்தது என்று பின்னர் சொன்னார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி எடுத்துச் சென்றார்: "எனக்குப் பலர் முன் பேசப் பயம். என்னை எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். ஐயம் இருந்தால் வகுப்பு முடிந்ததும் கேட்கிறேன்." ஆசிரியர் இளைஞர். தாளைப் படித்துவிட்டு, "என் அம்மாவும் இப்படித்தான். நீங்கள் வாருங்கள்" என்று மட்டும் கூறினாராம்.

ஐந்தாம் படியைப் பற்றி ஆலோசகர் கூறிய விளக்கம் எங்களுக்கும் புதியது. கடைசி வரிசையில் அமர்வது, தலையைக் குனிந்துகொள்வது, புரியாவிட்டாலும் தலையசைப்பது ஆகியவை அச்சத்திலிருந்து நம்மைக் காப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை அச்சத்தையே காக்கின்றன. ஒளிந்து ஒளிந்து ஒரு மாதத்தைக் கடத்தினால், "ஒளிந்ததால்தான் தப்பித்தேன்" என்று மனம் கணக்கெழுதிக்கொள்கிறது. கேள்வி கேட்டால் என்னதான் நடக்கும் என்பதை அது அறிவதே இல்லை.

பிறர் உண்மையில் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள்? அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச் தம் சக ஆய்வாளர்களுடன் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அணிய வெட்கப்படத்தக்க ஒரு பாடகரின் படம் அச்சிட்ட சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, பலர் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று சட்டை அணிந்தவர்கள் கணித்தனர். உண்மையில் கவனித்தவர்கள் நால்வரில் ஒருவர் அளவே. கணினி வகுப்பிலும் அவ்வாறே. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தம் சுட்டியோடு போராடிக்கொண்டிருக்கிறார். நம் கையை நோக்க அவருக்கு நேரமில்லை.

தவறுக்கு இடம்தரும் கருவி

கணினி கற்பதில் கூச்சமுள்ளவர்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. தட்டச்சில் செய்யும் பெரும்பாலான தவறுகளை உடனே அழித்துவிடலாம். கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி இசட் விசையைத் தட்டினால் கடைசியாகச் செய்தது நீங்கி முந்தைய நிலை திரும்பும். அம்மையார் கற்றவற்றுள் அவருக்கு மிகவும் பிடித்தது அதுவே. சுட்டியைப் பழகச் சீட்டு விளையாட்டும் கைகொடுத்தது. 1990-இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடர் விளையாட்டு, சுட்டியால் ஒன்றைப் பற்றி இழுத்து வேறிடத்தில் விடும் பழக்கத்தை மக்களுக்கு ஏற்படுத்தியதையும் இங்கே நினைவுகூரலாம்.

அடிப்படைக் கணினி அறிவு மலையளவு பெரிதன்று. நைலிட் எனப்படும் மத்திய அரசு நிறுவனத்தின் தொடக்கநிலைக் கணினிப் படிப்பு 36 மணி நேரம். அடுத்த நிலையான சி.சி.சி. படிப்பு 80 மணி நேரம். கிராமப்புறங்களுக்கென 2017-இல் தொடங்கப்பட்டு 2024-இல் நிறைவுற்ற பிரதம மந்திரியின் டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தின் பாடம் 20 மணி நேரமாகவே இருந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மூன்று மாதங்களுக்குள் முடியக்கூடியவை இவை. வகுப்பைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்றைக் கேட்டறியுங்கள்: ஒரு பிரிவில் எத்தனை பேர், ஒருவருக்கு ஒரு கணினி உண்டா, விடுபட்ட பாடத்தை வேறு நேரத்தில் கற்க இயலுமா. நேரில் கேட்கத் தயக்கமாயின் தொலைபேசியில் கேளுங்கள். அதுவும் ஒரு படிதான்.

பணத்தைப் பொறுத்தவரை கண்ட்ரோல்-இசட் கிடையாது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே அம்மையார் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த விதிகளை நம் வாடிக்கையாளர்களும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இரகசிய எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எவரிடமும் கூறக்கூடாது. வங்கி அலுவலர் என்று கூறிக்கொள்பவரிடமும் கூடாது. யு.பி.ஐ. வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. எண்ணை உள்ளிடச் சொன்னால் பணம் நம்மிடமிருந்து செல்கிறது என்பதே பொருள். இயந்திரத்திலிருந்து அட்டை வெளியே வந்ததும் அதில் தம் பெயர் இருப்பதைச் சரிபார்க்க வேண்டும். மோசடி நேர்ந்தால் கணமும் தாமதியாமல் வங்கிக்கும், 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். இவ்வொவ்வொன்றும் ஒரு புதியவரிடம் "மாட்டேன்" என்றோ, "கொஞ்சம் பொறுங்கள்" என்றோ சொல்லும் துணிவைக் கோருகிறது. கூச்சத்தை வெல்வதும் கணக்கைக் காப்பதும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது இதனால்தான்.

உதவி நாடுதல்

எல்லோருக்கும் படிக்கட்டு ஒன்றே போதும் என்று நாங்கள் கூறவில்லை. நாங்கள் மருத்துவர்கள் அல்லர். படபடப்பால் உறக்கம் கெட்டாலோ, பல மாதங்களாக வெளியே செல்வதையே தவிர்க்க நேர்ந்தாலோ மனநல மருத்துவரை அணுகுவது நலம். சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் உரையாடல் சிகிச்சை இதற்குண்டு. தேவையானால் மருந்தும் உண்டு. நேரில் செல்லத் தயங்குபவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று உலக மனநல நாளில் தொடங்கிய டெலி மானஸ் சேவை உள்ளது. 14416 என்ற எண்ணை நாளின் எந்நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ கைபேசியில் தடுமாறும்போது, "இங்கே கொடுங்கள்" என்று வாங்கி நாமே முடித்துவிடுவது அன்பென்று தோன்றும். அது அவர்களைக் கற்கவிடாது. கையைக் கட்டிக்கொண்டு அருகில் அமர்ந்து, அவர்கள் விரலாலேயே செய்ய வைப்பதே உதவி. ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்டாலும் முதல் முறைபோல் விடையளிப்போம். முகப்பில் அமர்ந்திருக்கும் எங்களுக்கும் இது பொருந்தும். அம்மையாருக்கு நேர்ந்த இழப்புக்குப் பின், படிவத்தை நாங்களே நிரப்பித் தரும் வழக்கத்தைக் குறைத்துக்கொண்டோம். எதை எங்கே எழுதுவது என்று காட்டி, அவர்களையே எழுதச் சொல்கிறோம். வரிசை சற்று நீள்கிறது, பொறுத்தருள வேண்டுகிறோம்.

அம்மையார் வகுப்பை ஒரு மாதம் தாமதமாக முடித்தார். ஏழாம் படியை ஒரே ஒரு முறைதான் ஏறினார். அன்றும் கை நடுங்கியதாம். இன்றும் புதிய இடங்களில் வியர்க்கிறது என்கிறார். ஆயினும் அவருடைய அடுப்படிச் சுவரில் கியூ.ஆர். அட்டை ஒட்டப்பட்டது, விட்டுச் சென்ற விற்பனையாளர்களில் ஒருவர் திரும்பி வந்தார்.

நாங்கள் அக்கிளையிலிருந்து மாற்றலாகிப் புறப்படும் வாரத்தில் அவரைப் பணம் எடுக்கும் இயந்திரத்தின் அருகே கண்டோம். வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஓர் இளைஞர் அவருடைய தோளருகே வந்து, "உதவட்டுமா?" என்று கேட்டார். அம்மையார் திரும்பி, வகுப்பில் கற்ற இந்தியில், எல்லோருக்கும் கேட்கும்படி, "வேண்டாம், தம்பி. கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றார். இளைஞர் தள்ளி நின்றார். அம்மையார் பணத்தை எண்ணி, அட்டையிலிருந்த பெயரைப் படித்துப் பார்த்து, இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சென்றார்.

உங்கள் கிளையிலும் உங்களுக்காக ஒருவர் முகப்பில் அமர்ந்திருக்கிறார். அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டதாகச் சொல்ல வேண்டியதில்லை.